பெரிய கம்பெனி முதலீடு தருகிறது: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி:

நாங்கள் மூன்று பேர் சேர்ந்து கோவையில் நான்கு வருடமாக ஒரு நிறுவனம் நடத்துகிறோம். தொழிற்சாலைக்குள்ளும் கிடங்குக்குள்ளும் போடுகிற தனி 5ஜி வலையமைப்புக்கான ரேடியோ பெட்டியும், அதை இயக்கும் மென்பொருளும் எங்கள் தயாரிப்பு. ஓ-ரான் என்ற திறந்த இடைமுக முறையில் செய்திருப்பதால் எந்தக் கம்பெனியின் கருவியோடும் சேர்ந்து வேலை செய்யும். இரண்டு ஃபவுண்டரியிலும் ஒரு கிடங்கிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. இப்போது ஐரோப்பாவைச் சேர்ந்த ஒரு பெரிய தொலைத்தொடர்புக் கருவி நிறுவனத்தின் முதலீட்டுப் பிரிவு 9 கோடி ரூபாய் போட்டு 12 சதவீதப் பங்கு கேட்கிறது. முதலீட்டு நிபந்தனைகளை எழுதிய டேர்ம் ஷீட் வந்துவிட்டது, இன்னும் கையெழுத்துப் போடவில்லை. மூன்று ஷரத்துகள் உறுத்துகின்றன. கம்பெனியை விற்க நினைத்தால், வெளியார் சொல்லும் அதே விலைக்கு முதலில் வாங்கும் உரிமை அவர்களுக்கு. மூன்று வருடத்துக்கு அவர்களுடைய போட்டியாளர்களுக்கு எங்கள் பொருளை விற்கக் கூடாது. போர்டு கூட்டத்தில் அவர்களுடைய ஆள் ஒருவர் பார்வையாளராக உட்காருவார். பெங்களூரில் ஒரு வென்ச்சர் ஃபண்ட் அதே 12 சதவீதத்துக்கு 6 கோடி தருகிறேன் என்கிறது. இந்த ஷரத்துகள் எதுவும் இல்லை. பெரிய பெயர் வந்தால் கதவெல்லாம் திறக்கும் என்கிறார்கள் என் கூட்டாளிகள். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற என் அப்பா, "ஒரே வீட்டுக்குப் பால் ஊத்தறவன், அந்த வீட்டுக்காரங்க ஊருக்குப் போயிட்டா என்ன பண்ணுவான்?" என்கிறார். கையில் ஐந்து மாதச் சம்பளத்துக்குத்தான் பணம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

- ஒரு வாசகி, கோவை

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதலில் என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். பெரிய கம்பெனியின் பணத்தை வாங்குங்கள். ஆனால் 9 கோடியையும் அவர்களிடமே வாங்காதீர்கள். அந்த மூன்று ஷரத்துகளில் முதல் இரண்டையும் இப்போது இருக்கிற வடிவத்தில் எந்த விலைக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்றாவதை ஒரு திருத்தத்தோடு ஏற்கலாம்.

நான் பதினொரு வருடம் இப்படி ஒரு முதலீட்டுப் பிரிவில்தான் வேலை பார்த்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதே ஷரத்துகளை எழுதிய ஆள் நான். பிறகு ஸ்டார்ட்அப் பக்கம் வந்து ஆலோசனை சொல்ல ஆரம்பித்தேன். அதனால் அங்கே என்ன நடக்கிறது என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

சாதாரண வென்ச்சர் ஃபண்ட் பணம் போடுவது ஒரே காரணத்துக்கு: ஏழெட்டு வருடத்தில் அது பல மடங்காகத் திரும்ப வேண்டும். உங்கள் பங்கின் மதிப்பு ஏறினால் அவர்களுக்கும் லாபம், விஷயம் முடிந்தது. பெரிய கம்பெனியின் முதலீட்டுப் பிரிவுக்கு இரண்டு எஜமானர்கள். லாபமும் வரவேண்டும், தாய் கம்பெனியின் வியாபாரத்துக்கும் உதவ வேண்டும். நாளைக்கு இந்த இரண்டும் மோதினால், சந்தேகமே வேண்டாம், தாய் கம்பெனிதான் ஜெயிக்கும். அவர்கள் போடும் 9 கோடி அவர்களுக்குப் பெரிய தொகையே இல்லை. அந்தப் பணத்தால் எந்தக் கதவு திறக்கும், எந்தக் கதவு மூடும் என்பதைத்தான் அவர்கள் கணக்குப் போடுவார்கள்.

எங்கள் பிரிவில் ஒவ்வொரு முதலீட்டுக்கும் ஒரு படிவம் உண்டு. அதன் இரண்டாம் பக்கத்தில் 'ஸ்பான்சர்' என்று ஒரு சின்னக் கட்டம். பொருளை உண்மையில் விற்கிற, வாங்குகிற வணிகப் பிரிவிலிருந்து ஒருவர், "இந்த ஸ்டார்ட்அப் எனக்கு வேண்டும்" என்று அதில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எத்தனையோ தடவை அந்தக் கட்டத்தை நிரப்ப நாங்களே ஆள் தேடி அலைந்திருக்கிறோம். நட்புக்காகக் கையெழுத்துப் போட்டவர்கள் உண்டு. அந்த முதலீடுகள் பெரும்பாலும் ஒரு வருடத்தில் உயிரில்லாமல் போயின. ஸ்பான்சர் நிஜமாகவே அவசரத்தில் இருந்த இடங்களில்தான் ஆர்டர் வந்தது, இன்ஜினீயர்கள் வந்தார்கள், ஆய்வகம் திறந்தது. எனவே உங்கள் முதல் வேலை, முதலீட்டுப் பிரிவின் ஆளிடம் நேரடியாகக் கேட்பது: "எங்களை வேண்டும் என்று கேட்ட வணிகப் பிரிவு எது? அங்கே கையெழுத்துப் போட்டவரோடு நாங்கள் அரை மணி நேரம் பேசலாமா?" அந்தச் சந்திப்பை அவர்களால் பத்து நாளில் ஏற்பாடு செய்ய முடியவில்லை என்றால், உங்கள் கூட்டாளிகள் சொல்லும் கதவுகள் எதுவும் திறக்கப் போவதில்லை.

ஸ்பான்சர் உண்மையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஆல்டியோஸ்டார் நல்ல உதாரணம். உங்களைப் போலத் திறந்த இடைமுகத்தில் ரேடியோ மென்பொருள் செய்த அமெரிக்க நிறுவனம். ஜப்பானின் ராகுட்டென் அதில் பணம் போட்டது. ஏனென்றால் தன் சொந்த மொபைல் வலையமைப்பையே அந்த மென்பொருளை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தது. 2020 ஏப்ரலில் அந்தச் சேவை ஜப்பானில் வணிக ரீதியாகத் தொடங்கியது. அமெரிக்காவின் டிஷ் நிறுவனமும் அதே ஆண்டில் ஆல்டியோஸ்டாரைத் தேர்ந்தெடுத்தது. 2021-ல் ராகுட்டென் மொத்தமாக வாங்கியபோது கம்பெனியின் மதிப்பு 100 கோடி டாலருக்கு மேல். முதலீட்டாளர் அங்கே முதலில் ஒரு வாடிக்கையாளர். தன் பிழைப்பே அந்தப் பொருளை நம்பி இருந்த வாடிக்கையாளர். இன்னொரு வாடிக்கையாளருக்கு விற்கும் வழியும் அடைபடவில்லை. இந்த இரண்டும் சேர்ந்துதான் அந்த விலை.

இப்போது எதிர்ப்பக்கம். தொலைத்தொடர்பில் ஒரு தனிச் சிக்கல் உண்டு: இங்கே எல்லாம் தரநிலைகளை, அதாவது கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது விதிகளை, ஒட்டியே நடக்கும். எந்தத் தரநிலை ஜெயிக்கிறது என்பதில் பெரிய கம்பெனிகளுக்குச் சொந்த ஆசை இருக்கும். அந்த ஆசைக்காகவே முதலீடு செய்வார்கள். ஆசை பொய்த்துப் போனால் கூட நின்றவர்களும் சேர்ந்து விழுவார்கள்.

கம்பியில்லா இணையத்துக்கான வைமாக்ஸ் என்ற தரநிலை நினைவிருக்கிறதா? உங்கள் அப்பாவுக்குக் கட்டாயம் நினைவிருக்கும், பி.எஸ்.என்.எல்-லும் அதைக் கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தது. மொபைல் இணையம் வைமாக்ஸ் வழியாகத்தான் வரும் என்று இன்டெல் நம்பியது. ஒவ்வொரு லேப்டாப்பிலும் தன் வைமாக்ஸ் சிப் இருக்க வேண்டும் என்பது அதன் திட்டம். சிப் விற்க வேண்டுமென்றால் முதலில் வலையமைப்பு வேண்டும். அதனால் 2006-ல் இன்டெலின் முதலீட்டுப் பிரிவு அமெரிக்காவின் கிளியர்வயர் நிறுவனத்தில் 60 கோடி டாலர் போட்டது. 2008-ல் கூகுள், காம்காஸ்ட், டைம் வார்னர் கேபிள் ஆகியவற்றோடு சேர்ந்து வந்தபோது தன் பங்காக இன்னும் 100 கோடி டாலர். அந்த ஆண்டுக் கணக்கிலேயே இன்டெல் தன் கிளியர்வயர் முதலீட்டின் மதிப்பில் சுமார் 95 கோடி டாலரைக் குறைத்து எழுத வேண்டி வந்தது.

அதே நேரத்தில் இந்தியாவில் வேறொன்று நடந்தது. 2010-ல் அகண்ட அலைவரிசை ஏலம். குவால்காம் என்ற சிப் கம்பெனி, சேவை நடத்தும் எண்ணமே இல்லாமல், டெல்லி, மும்பை, ஹரியானா, கேரளா ஆகிய நான்கு தொலைத்தொடர்பு வட்டங்களுக்கு 4,912 கோடி ரூபாய்க்கு மேல் கொடுத்து அலைவரிசையை எடுத்தது. காரணம் ஒன்றுதான்: இந்தியாவில் அந்த அலைவரிசையில் வைமாக்ஸ் வந்துவிடக் கூடாது, அதன் போட்டித் தரநிலையான எல்டிஇ, அதாவது நாம் 4ஜி என்று சொல்வது, வர வேண்டும். பிறகு அந்த அலைவரிசை படிப்படியாக ஏர்டெல் கைக்குப் போனது. 2012-ல் ஏர்டெல் கொல்கத்தாவில் தொடங்கியது எல்டிஇ சேவை. 2016-ல் ஜியோ நாடு முழுக்கக் கொண்டுவந்ததும் எல்டிஇ. அமெரிக்காவில் கிளியர்வயரே 2011-ல் எல்டிஇ பக்கம் போவதாக அறிவித்தது. 2008-ல் இன்டெலும் மற்றவர்களும் பங்குக்கு 17 டாலர் கணக்கில் உள்ளே வந்தார்கள். 2013-ல் ஸ்பிரின்ட் மிச்சப் பங்குகளை 5 டாலருக்கு வாங்கியது.

இன்டெல் அடியைத் தாங்கிக்கொண்டது. வைமாக்ஸ் கருவியும் மென்பொருளும் மட்டுமே செய்து கொண்டிருந்த சின்னக் கம்பெனிகளுக்கு அந்தத் தெம்பு இல்லை. இன்டெல் பின்னால் இருக்கிறது என்ற ஒரே நம்பிக்கையில் எல்டிஇ பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்கள் செய்த பொருளில் குறை இல்லை. ஒரு பெரிய கம்பெனியின் வழியே தங்கள் வழி என்று எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

நீங்கள் ஓ-ரான் முறையில் இருக்கிறீர்கள். எந்தக் கருவியோடும் சேரும் என்பதுதான் உங்கள் பொருளின் உயிர். 2018-ல் ஏடி அண்ட் டி, சைனா மொபைல், டாய்ச்ச டெலிகாம், டோகோமோ, ஆரஞ்சு ஆகிய சேவை நிறுவனங்கள் ஓ-ரான் கூட்டமைப்பைத் தொடங்கியதே, ஒரே விற்பனையாளரிடம் மொத்தமாக மாட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான். இப்போது உங்களுக்குப் பணம் தர வருவது கருவி விற்கிற ஒரு கம்பெனி. உங்கள் திறந்த பெட்டியை மூன்று வருடம் தன்னோடு மட்டும் பூட்டி வைத்தால் அதற்கு லாபமா நஷ்டமா? யோசித்துப் பாருங்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்பேன், கேட்டும் இருக்கிறேன்.

சரி, ஷரத்துகளுக்கு வருவோம். மூன்றிலும் ஆபத்தானது முதல் ஷரத்து, அதே விலைக்கு முதலில் வாங்கும் உரிமை. மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் தெரியும்: "வெளியார் தரும் விலையை நாங்களும் தரத்தானே போகிறோம், உங்களுக்கு என்ன நஷ்டம்?" என்பார்கள். நஷ்டம் எங்கே என்பதை நேரில் பார்த்தவன் நான்.

நாங்கள் பணம் போட்டிருந்த ஒரு சின்ன நிறுவனம், மைக்ரோவேவ் இணைப்புக் கருவி செய்துகொண்டிருந்தது. அதை வாங்க வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று வந்தது. பெங்களூரில் ஒரு ஹோட்டலின் கூட்ட அறை. நிறுவனர் காலையிலிருந்து கருவியை மேசையில் வைத்து ஓட்டிக் காட்டினார். வந்தவர்களுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. மதியம் அவர்களுடைய வக்கீல் பங்குதாரர் ஒப்பந்தத்தைப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். மறுபடி படித்தார். பக்கத்தில் இருந்தவரிடம் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பேனாவை மூடி சட்டைப்பையில் செருகிக்கொண்டார். அதற்கப்புறம் அந்த அறையில் யாரும் விலை பேசவில்லை. அது நான் எழுதிய ஷரத்து.

வாங்க வந்தவர்கள் நிலையில் இருந்து பாருங்கள். மூன்று மாதம் இன்ஜினீயர்களை அனுப்பி, வக்கீலுக்கும் ஆடிட்டருக்கும் செலவு செய்து, ஒரு விலையைக் கண்டுபிடிக்க வேண்டும். கண்டுபிடித்ததும் அந்த விலையைத் தங்கள் போட்டியாளரிடமே காட்ட வேண்டும். அவர் நினைத்தால் அதே விலைக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். யார் வருவார்கள்? யாரும் வரமாட்டார்கள் என்பதால், அந்த உரிமையை வைத்திருப்பவரும் நல்ல விலை தர வேண்டிய அவசியம் இல்லாமல் போகிறது. அந்த மைக்ரோவேவ் கம்பெனியை நாங்களும் வாங்கவில்லை. அதற்குள் எங்கள் தலைமை அலுவலகத்தின் கவனம் வேறு பக்கம் போயிருந்தது. ஒன்றரை வருடம் கழித்து அந்த நிறுவனர் தன் காப்புரிமைகளை மட்டும் அற்ப விலைக்கு விற்றார். இன்றுவரை அது எனக்கு உறுத்தல்தான்.

இதற்குப் பதில் என்ன கொடுக்கலாம்? தகவல் பெறும் உரிமை கொடுங்கள். "கம்பெனியை விற்பது பற்றி நாங்கள் தீவிரமாகப் பேச ஆரம்பித்தால் உங்களுக்கு எழுத்தில் தெரிவிப்போம். நீங்களும் விரும்பினால் பதினைந்து நாளுக்குள் உங்கள் விலையைச் சொல்லலாம். யாருக்கு விற்பது என்பது எங்கள் போர்டின் முடிவு. வெளியாரின் பெயரையோ விலையையோ சொல்ல வேண்டிய கடமை எங்களுக்கு இல்லை." இந்த நான்கு வாக்கியமும் அப்படியே ஷரத்தில் வர வேண்டும். நல்ல நோக்கத்தோடு வந்த முதலீட்டுப் பிரிவு இதற்கு ஒப்புக்கொள்ளும். சந்தையில் பல பேர் இதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முடியவே முடியாது என்று நின்றால், குறைந்த விலைக்கு உங்களை வாங்கும் எண்ணம் இன்றைக்கே இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, போட்டியாளருக்கு விற்கக் கூடாது என்ற தடை. இதை நீக்கச் சொல்லுங்கள். நீக்க மறுத்தால் அதற்கு ஒரு விலை வையுங்கள்: வருடத்துக்கு இத்தனை பெட்டி கட்டாயம் வாங்க வேண்டும், வாங்கினாலும் வாங்காவிட்டாலும் அதற்கான பணம் வர வேண்டும், ஒரு காலாண்டு தவறினால் தடை தானாக விலக வேண்டும். தடை ஒரு துறைக்கு மட்டும், ஒரு வருடத்துக்கு மட்டும். அந்த எண்ணிக்கையை உங்கள் ஒரு வருடச் செலவைத் தாண்டும்படி போடுங்கள். அந்த அளவு ஆர்டர் தர அவர்கள் தயார் என்றால் சந்தோஷமாக ஒப்புக்கொள்ளலாம். தயாராக இல்லாதவர் உங்கள் கடையைப் பூட்டச் சொல்வதில் நியாயம் இல்லை.

இந்த இடத்தில் ஏஎஸ்டி ஸ்பேஸ்மொபைல் செய்ததைக் கொஞ்சம் பாருங்கள். சாதாரண போனையே நேராகச் செயற்கைக்கோளோடு இணைக்கும் தொழில்நுட்பம் அவர்களுடையது. வோடஃபோனும் ராகுட்டெனும் 2020-லேயே பணம் போட்டன. 2024 ஜனவரியில் ஏடி அண்ட் டி, கூகுள், வோடஃபோன் மூன்றும் முதலீடு செய்வதாக அறிவித்தன. அதே ஆண்டு மே மாதம் வெரிசான் வந்தது. ஏடி அண்ட் டி-யும் வெரிசானும் அமெரிக்காவில் பரம வைரிகள். இருவரும் ஒரே கம்பெனியில் பணம் போட முடிந்தது, முதலில் வந்தவரிடம் கம்பெனி தன்னை மொத்தமாக எழுதிக் கொடுக்காததால்தான். வெரிசான் சொன்ன 10 கோடி டாலரில் ஆறரைக் கோடி, பிற்பாடு பயன்படுத்தப் போகும் சேவைக்கான முன்பணம்; மூன்றரைக் கோடி மட்டும்தான் பங்காக மாறக்கூடிய கடன் பத்திரம். இந்த விகிதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். முன்பணத்துக்குப் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. முன்பணம் கட்டியவர் பொருளைக் கேட்டு வாங்கியே தீருவார்.

இது வெளிநாட்டுக்காரர்களுக்கு மட்டுமே முடிகிற காரியம் என்று நினைக்க வேண்டாம். 1990-களில் சென்னை ஐஐடியின் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா குழுவும், அதிலிருந்து பிறந்த மைடாஸ் நிறுவனமும் கார்டெக்ட் என்ற கம்பியில்லாத் தொலைபேசி முறையை உருவாக்கியபோது, பொருள் முழுசாகத் தயாராகும் முன்பே இந்தியத் தயாரிப்பு நிறுவனங்களிடம் உரிமக் கட்டணம் வாங்கி அந்த ஆராய்ச்சியை நடத்தினார்கள். சிப் வேலைக்கு அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் கூட நின்றது. உரிமம் ஒருவருக்கு மட்டும் என்று வைக்காமல் பல பேருக்குக் கொடுத்தார்கள். உங்கள் அப்பாவிடம் கேளுங்கள், அவர் கிராமத்து எக்ஸ்சேஞ்சுகளில் அந்தப் பெட்டியைப் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு.

மூன்றாவது, போர்டில் பார்வையாளர். இருக்கட்டும். ஆனால் அவருடைய கம்பெனிக்குப் போட்டியான வாடிக்கையாளர், விலை, விற்பனைப் பேச்சு, தொழில்நுட்பத் திட்டம் ஆகியவை விவாதத்துக்கு வரும்போது அவர் அறையை விட்டு வெளியே போக வேண்டும், அந்தப் பக்கங்கள் அவருக்கு அனுப்பப்படாது என்று எழுதி வாங்குங்கள். 'தேவைப்பட்டால்' என்ற சொல் வேண்டாம். யார் தீர்மானிப்பது? 'போர்டு தலைவர் தீர்மானித்தால்' என்று போடுங்கள்.

காப்புரிமை பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, எனக்கு அதில்தான் கவலை. டேர்ம் ஷீட்டில் இல்லாவிட்டாலும், முதலீட்டுக்குப் பிறகு 'கூட்டு ஆய்வு ஒப்பந்தம்' என்று ஒன்று வரும். முதலீட்டு ஒப்பந்தத்தை உங்கள் வக்கீல் படிப்பார். ஆய்வு ஒப்பந்தத்தை உங்கள் இன்ஜினீயர் அவசரத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். இதுவரை நீங்கள் செய்தது எல்லாம் உங்களுடையது, சேர்ந்து செய்யும்போது உங்கள் மென்பொருளில் வரும் மேம்பாடும் உங்களுடையது, அவர்களுக்குப் பயன்படுத்தும் உரிமம் மட்டும். இதை முதலீட்டு ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

இலவச சோதனையும் அப்படித்தான். பெரிய கம்பெனிக்குள் ஆறு மாதச் சோதனை, அது முடிந்ததும் இன்னொரு நாட்டில் இன்னொரு சோதனை என்று இழுத்துக்கொண்டே போகும். பங்குதாரர் ஆயிற்றே என்று பணம் கேட்கக் கூச்சப்படுவீர்கள். முதல் சோதனைக்கே பர்ச்சேஸ் ஆர்டர் கேளுங்கள், தொகை சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

உங்கள் அப்பா சொன்ன பால்காரர் விஷயம். அவர் சொன்னது இந்தத் தொழிலில் அப்படியே நடந்திருக்கிறது. தாழ்ந்த வட்டப்பாதைச் செயற்கைக்கோள் இணையத்துக்காக ஆரம்பித்த ஒன்வெப் நிறுவனத்தில் ஏர்பஸ், குவால்காம், பார்தி போன்ற பெரிய பெயர்கள் 2015-லேயே இருந்தன. பிறகு ஜப்பானின் சாஃப்ட்பேங்க் 100 கோடி டாலரோடு வந்து மிகப்பெரிய முதலீட்டாளர் ஆனது. கம்பெனி அந்த ஒரு பையை நம்பிப் பழகியது. 2020 மார்ச்சில் அடுத்த தவணைப் பணம் சாஃப்ட்பேங்கிடமிருந்து வரவில்லை. அந்த மாதமே திவால் மனு. எழுபதுக்கு மேற்பட்ட செயற்கைக்கோள்கள் வானத்தில் சுற்றிக்கொண்டிருந்தபோதே இது நடந்தது. பிறகு பிரிட்டன் அரசும் பார்தியும் தலா 50 கோடி டாலர் போட்டு மீட்டன.

முதலீட்டுப் பிரிவுகளுக்கும் ஆயுள் நிச்சயம் கிடையாது. 1991-ல் தொடங்கிய இன்டெல் கேப்பிட்டல் இந்தத் துறையின் முன்னோடிகளில் ஒன்று. அதையே தனி நிறுவனமாகப் பிரிக்கப் போவதாக 2025 ஜனவரியில் இன்டெல் அறிவித்தது; நான்கு மாதத்துக்குள் புதிய தலைமை வந்து அந்த முடிவைக் கைவிட்டது. அந்த இடைப்பட்ட மாதங்களில் அதனிடம் அடுத்த சுற்றுப் பணம் எதிர்பார்த்திருந்த ஸ்டார்ட்அப் எத்தனை இரவு தூங்காமல் இருந்திருக்கும்! தலைமை மாறும், ஸ்பான்சர் வேலையை விட்டுப் போவார், அடுத்த சுற்றில் அவர்கள் பணம் போடாமல் ஒதுங்குவார்கள். அப்போது புதிதாக வருகிறவர், "உள்ளே இருந்து எல்லாம் பார்த்தவர்களே ஏன் போடவில்லை?" என்றுதான் முதலில் கேட்பார்.

அதனால்தான் இரண்டு பேரையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறேன். கணக்கைப் பாருங்கள். பெரிய கம்பெனி சொல்வதன்படி பணம் வந்தபின் உங்கள் மதிப்பு 75 கோடி. பெங்களூர் ஃபண்டின்படி 50 கோடி. இடையில் இருக்கும் 25 கோடி அந்த ஷரத்துகளுக்கான விலை. ஷரத்துகளை எடுத்துவிட்டால் அந்த மதிப்பு நிற்காது, நிற்கும் என்று எதிர்பார்க்கவும் வேண்டாம். 65 கோடி மதிப்பில், ஃபண்ட் முன்னின்று 6 கோடி, பெரிய கம்பெனி கூட வந்து 4 கோடி என்று கேளுங்கள். மொத்தம் 10 கோடி வரும், போகிற பங்கு சுமார் 15 சதவீதம். அதில் பெரிய கம்பெனிக்கு 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். மூன்று சதவீதம் கூடுதலாகப் போகிறதே என்று உங்கள் கூட்டாளிகள் கேட்பார்கள். அதற்குப் பதிலாக, உங்கள் பங்கின் மதிப்பு ஏறினால் மட்டுமே லாபம் பார்க்கிற ஒருவர் போர்டில் உட்காருகிறார். ஷரத்துச் சண்டையையும் அவரே உங்களுக்காகப் போடுவார், ஏனென்றால் விற்பனைக் கதவு அடைபட்டால் அவருக்கும்தான் நஷ்டம்.

சட்டப் பக்கம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் ஆடிட்டர் பார்த்துக்கொள்வார். இந்த உயர்ந்த மதிப்புக்கு வரி வருமோ என்ற பயம் இனி வேண்டாம்; 2024 ஜூலை பட்ஜெட்டில் ஏஞ்சல் வரியை எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டுப் பணம் என்பதால் பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்குத் தெரிவிக்க வேண்டும். ஒன்றை மட்டும் நீங்களே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்த முதலீட்டுப் பிரிவுக்குப் பின்னால் உண்மையான உரிமையாளர்கள் யார்? இந்தியாவோடு நில எல்லை உள்ள நாட்டுப் பணம் அதில் கலந்திருந்தால், 2020 ஏப்ரல் விதிப்படி அரசின் முன் அனுமதி தேவைப்படலாம். அத்தோடு, 2021 ஜூன் 15 முதல் நம் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் நம்பகமான மூலம் என்று அனுமதி பெற்ற கருவிகளைத்தான் தங்கள் வலையமைப்பில் சேர்க்க முடியும். நாளைக்கு நீங்கள் ஒரு சேவை நிறுவனத்துக்கு விற்கப் போகும்போது உங்கள் பங்குதாரர் பட்டியலும் கேள்விக்கு வரும்.

கடைசியாக நேரம். உங்களிடம் இருப்பது ஐந்து மாதம். என் அனுபவத்தில் பெரிய கம்பெனிகளின் பணம் டேர்ம் ஷீட்டிலிருந்து வங்கிக்கு வர நான்கிலிருந்து ஆறு மாதம் ஆகும். பல நாட்டுக் கமிட்டி, பல வக்கீல். ஃபண்டுகள் இரண்டு மூன்று மாதத்தில் முடிப்பார்கள். டேர்ம் ஷீட்டின் கடைசிப் பக்கங்களில் 'நோ ஷாப்' என்று ஒரு ஷரத்து இருக்கும், இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து 60 நாளோ 90 நாளோ வேறு யாரிடமும் முதலீடு பற்றிப் பேசக் கூடாது என்று அது சொல்லும். உங்கள் நிலையில் 90 நாள் என்பது மூச்சை அடக்கிக்கொண்டு உட்காருவதற்குச் சமம். அதை 30 நாளாகக் குறைக்கச் சொல்லுங்கள், பெங்களூர் ஃபண்டின் பெயரை விதிவிலக்காகச் சேர்க்கச் சொல்லுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். திங்கட்கிழமை பெங்களூர் ஃபண்டைக் கூப்பிட்டு, பெரிய கம்பெனியும் கூட வர விரும்புகிறது, நீங்கள் முன்னின்று நடத்துவீர்களா, 65 கோடி மதிப்புக்கு வருவீர்களா என்று கேளுங்கள். பெயரைச் சொல்லிவிடாதீர்கள், ரகசியம் காக்கும் ஒப்பந்தம் இருக்கும். அவர்கள் சரி என்றதும் பெரிய கம்பெனிக்கு ஒரே மின்னஞ்சலில் மூன்று திருத்தத்தையும், ஸ்பான்சரைச் சந்திக்கும் வேண்டுகோளையும், கூட ஒரு சின்னச் சோதனை ஆர்டருக்கான விலைப்பட்டியலையும் அனுப்புங்கள். அவர்கள் இழுத்தடித்தால் காத்திருக்காதீர்கள். ஃபண்டின் 6 கோடியை முதலில் முடித்துவிட்டு, அதே விலையில் பெரிய கம்பெனி அடுத்த 120 நாளுக்குள் சேரலாம் என்று கதவை லேசாகத் திறந்து வையுங்கள். சம்பளத் தேதி தாண்டக் கூடாது, அது முக்கியம்.

திருத்தம் வந்ததும் முதல் ஷரத்தின் புது வாசகத்தை மட்டும், பெயர்களை மறைத்துவிட்டு, எனக்கு அனுப்புங்கள். படித்துப் பார்த்து அன்றைக்கே பதில் எழுதுகிறேன்.